பருந்தின் பசி

ஓர் உயிரினம் அழிந்துகொண்டிருக்கிறது. வேட்டைக்காரர்களோ மரம் வெட்டுபவர்களோ சுரங்கக் கம்பெனியோ அதை நேரடியாக அழிக்கவில்லை. அதை நெருக்குவது பக்கத்து வீட்டுக்காரன். அதே மலையில் பிறந்தவன், அதே குடும்பத்தைச் சேர்ந்தவன், அந்த மண்மீது அதே அளவு உரிமை உள்ளவன். வலியவன் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடிக்கிறான், எளியவன் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குகிறான். இனி ஒதுங்க இடமில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டான். இதில் நாம் தலையிட வேண்டுமா? தலையிட்டால் யார் பக்கம் நின்று, என்ன செய்வது?

கேட்பதற்கு ஏதோ நீதிக்கதையின் தொடக்கம் மாதிரி இருக்கலாம். ஆனால் இது நிஜமான ஒரு மலையில், நிஜமான ஒரு விலங்குக்கு நடப்பது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனண்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஹாக்ஸ்பில், ஸ்டோனி மேன், த பினக்கிள்ஸ் என்று மூன்று சிகரங்கள். அந்த மூன்றின் மேல்பகுதிகளில் மட்டும் ஒரு சாலமாண்டர் வாழ்கிறது. ஷெனண்டோவா சாலமாண்டர் என்றே அதற்குப் பெயர். உலகில் வேறெங்கும் அது கிடையாது.

சாலமாண்டர் நம் ஊரில் இல்லாத விலங்கு. அதனால் நம் மொழியில் அதற்கு ஊர்ப்பெயரும் இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கிலும் அதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு, அவ்வளவுதான். பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும். ஆனால் பல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது தவளையின் உறவு. செதில் கிடையாது, தோல் ஈரமாக இருக்கும். நான் சொல்லும் வகைக்கு இன்னொரு விசேஷம், நுரையீரலே கிடையாது. தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும்தான் மூச்சு. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே ஈரம்தான் அதற்கு வீடு. பகலில் கல்லுக்கும் மட்கிய மரத்துக்கும் அடியில் கிடக்கும். மழை இரவுகளில் வெளியே வந்து சின்னச் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். மொத்த நீளம் நம் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கலாம். குளத்தில் முட்டையிடாது, தலைப்பிரட்டைப் பருவமும் இல்லை. நிலத்திலேயே முட்டை, நிலத்திலேயே வாழ்க்கை, பெரும்பாலும் பிறந்த இடத்துக்குச் சில அடி தூரத்திலேயே மரணம்.

பக்கத்து வீட்டுக்காரன் என்று நான் சொன்னது செம்முதுகு சாலமாண்டரை. கனடாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வட கரோலினா வரைக்கும் காடுகளில் ஏராளமாக இருக்கும் வகை அது. 1970இல் ராபர்ட் ஜேகர் என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இருவகை சாலமாண்டர்களுக்கு இடையிலான போட்டியால் ஒன்று அற்றுப்போகலாம் என்பதைத் தலைப்பிலேயே வைத்திருந்தார். அவர் கண்டது இதுதான். ஆழமான, ஈரமான, நல்ல மண்ணெல்லாம் செம்முதுகுக்காரன் கையில். ஷெனண்டோவா சாலமாண்டருக்கு மிஞ்சியது வடக்கும் வடமேற்கும் பார்த்த பாறைச் சரிவுகள். மண் குறைந்த, சீக்கிரம் காய்ந்துவிடும் கற்குவியல்கள். வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் உடம்பு அதற்கு இருப்பதால் அங்கே தாக்குப்பிடிக்கிறது. அந்த இடம் அதற்குப் பிடித்திருப்பதால் அங்கே இல்லை. மற்றவனால் வர முடியாத இடம் என்பதால் இருக்கிறது.

பிற்பாடு வந்த ஆய்வுகள் இந்தப் படத்தைக் கொஞ்சம் மாற்றின. கற்சரிவுகளுக்கு வெளியே, மேல்மலைக் காட்டுக்குள்ளும் இது வாழ்வது தெரியவந்தது. போட்டி மட்டும்தான் காரணமா, வெப்பமும் ஈரமும் எவ்வளவு தூரம் காரணம் என்ற கேள்விகள் வந்தன. ஆனால் அடிப்படை நிலைமை மாறவில்லை. 1989இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப்படி அறிவித்தது. இன்றும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

நான் உயிரியல் படித்தவள் இல்லை. வடக்கு வர்ஜீனியாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் வசந்தகாலத்தில் வீட்டுக்கருகே உள்ள ஒரு சின்னக் காட்டில் சாலமாண்டர் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனேன். முறை ரொம்ப எளிமையானது. காட்டுத் தரையில் வரிசையாக மரப்பலகைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். சில மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அடியில் எத்தனை இருக்கின்றன என்று குறிக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததெல்லாம் செம்முதுகுக்காரர்கள்தான். முதுகில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை, சேமியா துண்டு மாதிரி கால்கள். பலகையைத் தூக்கியதும் ஓடாது. வெளிச்சம் ஏன் வந்தது என்று யோசிப்பதுபோல ஒரு நிமிடம் அப்படியே கிடக்கும். இந்த இனத்தின் தாய் முட்டைகளைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காவல் இருக்கும், அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடக்கூடச் செய்யாது என்று எங்களை வழிநடத்தியவர் சொன்னார். ஆக, இந்தக் கதையின் வில்லனை எனக்குக் கையளவு தூரத்தில் தெரியும். அவன் வில்லன் இல்லை.

அரிய இனத்தைப் பற்றிப் படிப்பதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. ஷெனண்டோவா சாலமாண்டரில் இரண்டு நிறவகை உண்டு. ஒன்றுக்கு முதுகில் மெல்லிய பட்டை, இன்னொன்றுக்குப் பட்டையே இல்லை. செம்முதுகிலும் அதேபோல இரண்டு வகை உண்டு. எது எது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் பல நேரம் பிடித்துத் திருப்பி வயிற்றைப் பார்க்க வேண்டும். வயிறு கறுப்பாக இருந்தால் இது, உப்பும் மிளகும் கலந்து தூவினமாதிரி இருந்தால் அது. அதாவது ஒரு கல்லின் அடியில் பல வருடமாகச் சேர்ந்த ஈரத்தைக் கலைத்து, தோலால் மூச்சுவிடும் ஒன்றை நம் விரலால் தொட்டு, மல்லாக்கப் போட்டுத்தான் 'நீ காப்பாற்றப்பட வேண்டியவனா' என்று கண்டுபிடிக்க முடியும். அதிலும் கல் திரும்பப் பழையபடி உட்காராவிட்டால் அந்த வீடு போச்சு. ஒரு கற்சரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பூட்ஸில் நோய் ஒட்டிக்கொண்டு போகலாம். 2013இல் நெதர்லாந்தில் தீ சாலமாண்டர்களைக் கூட்டம்கூட்டமாகக் கொன்ற ஒரு புதுப் பூஞ்சையை அடையாளம் கண்டார்கள். அது அமெரிக்காவுக்குள் வந்துவிடக்கூடாது என்று 2016 ஜனவரியில் 201 வகை சாலமாண்டர்களின் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. அறிவதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கொடுப்பது பெரும்பாலும் அறியப்படுகிற உயிர்தான்.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஜேகர் அந்தக் கற்களைப் புரட்டியிருக்காவிட்டால், இப்படி ஓர் உயிர் நெருக்கடியில் இருப்பதே வெளியே தெரிந்திருக்காது. தெரியாமல் போவதும் ஒருவகைக் கொடுமைதான். ஆகவே முதல் கேள்வியிலேயே நமக்குச் சுத்தமான கை கிடைப்பதில்லை.

*

அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். வாரக்கடைசியில் போனில் பேசும்போது ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன்.

"ஏட்டி, அந்தப் பல்லியக் காப்பாத்தி யாருக்கு என்ன ஆவப்போவுது?"

பல்லி இல்லை என்று திருத்துவதை விட்டுவிட்டேன். கேள்வி நேர்மையான கேள்வி. சூழலியல் பேசுபவர்கள் வழக்கமாக இதற்குத் தரும் பதில் ஒன்று உண்டு, எல்லா உயிருக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஒன்று போனால் சங்கிலி அறுந்துவிடும் என்பது. சாலமாண்டர் விஷயத்தில் அதற்கு ஆதாரமும் உண்டு. 1975இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக் காட்டைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அங்குள்ள சாலமாண்டர்களின் மொத்த எடை, அங்குள்ள பறவைகளின் மொத்த எடையைவிட அதிகம் என்றும், எலி, மூஞ்சூறு மாதிரியான சிறு பாலூட்டிகளின் எடைக்கு ஏறத்தாழ சமம் என்றும் அது காட்டியது. காலடியில், கண்ணில் படாமல், அவ்வளவு உயிர்!

ஆனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தால் நமக்கே எதிராகத் திரும்பும். அந்தக் காட்டில் பெருவாரியாக இருந்தது செம்முதுகு சாலமாண்டர்தான். பயன்தான் அளவுகோல் என்றால் பரிசு போக வேண்டியது அவனுக்கு. மூன்று சிகரங்களில் ஒதுங்கிக் கிடப்பவன் நாளைக்கே மறைந்தால், அவன் தின்ற பூச்சியை இவன் தின்பான், அவன் கிடந்த கல்லடியில் இவன் கிடப்பான். காடு கவனிக்கக்கூடச் செய்யாது. எண்ணிக்கையில் குறைந்த எதற்கும் இந்த நிலைமைதான். எது ரொம்ப அரிதோ, அதைக் காப்பதற்குப் பயன் என்கிற வாதம் ரொம்பப் பலவீனமான வாதம். இதை ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு ரகசிய வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு பயனும் இல்லாத வயசான ஆளை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறோம். 'அவர் என்ன வேலை பார்க்கிறார்' என்று கணக்குப் பார்த்தா போடுகிறோம்?

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. 2017 நவம்பரில் அலெக்சாண்டர் பைரன் என்ற உயிரியலாளர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். இனங்கள் அழிவது பரிணாமத்தின் பகுதி, அழிவதை எல்லாம் அழியாமல் காப்பது நம் கடமை இல்லை என்பது அதன் சாரம். எழுதியவர் வெளியாள் இல்லை, இருவாழ்விகளையும் ஊர்வனவற்றையும் ஆராய்பவர். உயிரியலாளர்கள் பலரும் கடுமையாக மறுத்தார்கள். தன் நிலைப்பாடு சரியாக வெளிப்படவில்லை என்று அவரும் பிறகு விளக்கம் தந்தார். இருந்தாலும் அந்தக் கட்டுரை சொன்னதைப் பலர் மனசுக்குள் நம்புகிறார்கள். நம் விலங்கின் விஷயத்தில் அது கச்சிதமாகப் பொருந்தவும் செய்கிறது. வலியது எளியதை ஒதுக்குகிறது, இதுதானே இயற்கை? இதற்கு நடுவில் நாம் யார் பஞ்சாயத்து பண்ண?

மூன்றாவதாக ஒரு குரல் உண்டு. ஹோம்ஸ் ரோல்ஸ்டன் என்ற தத்துவவாதி இதே ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர், சுற்றுச்சூழல் அறவியலை ஒரு துறையாக நிறுவியவர்களில் ஒருவர். தனி உயிருக்கு மட்டுமல்ல, இனத்துக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று வாதிட்டார். ஒரு தனி விலங்கு சாவதும், வழிவழியாக வந்த ஒரு வாழ்க்கை வடிவமே நின்றுபோவதும் ஒன்றில்லை என்பது அவர் பார்வை. பீட்டர் சிங்கர் வழியில் யோசிப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். வலிப்பது உடம்புக்குத்தான், இனத்துக்கு வலிக்குமா என்று கேட்பார்கள். கடைசி ஷெனண்டோவா சாலமாண்டர் சாகும்போது அதற்கு வலிக்கும் வலி, ஏதோ ஒரு செம்முதுகு சாலமாண்டருக்கு வலிப்பதைவிட ஒரு துளிகூட அதிகம் இருக்காது.

எனக்கு இரண்டும் சரியாகப்படுகிறது, அதுதான் சிக்கல். பலகையைத் தூக்கும்போது நான் பார்த்தது இனத்தை அல்ல, ஒரு சின்ன உடம்பை. ஆனால் அந்த உடம்பு எத்தனையோ லட்சம் வருடமாக ஒரு மலையோடு பழகிப் பழகி உருவான ஒரு பதில் என்பதும் உண்மை. ஒரு மொழியைக் கடைசியாகப் பேசுகிற ஆள் இறந்துபோனால், ஓர் ஆள் மட்டும்தான் இறந்தார் என்று நாம் சொல்வதில்லையே.

*

'இயற்கையின் போக்கில் விடு' என்கிற வாதத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த மலையில் இயற்கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மலை உச்சியில் வாழும் உயிருக்கு வெப்பம் கூடினால் மேலே ஏறுவதுதான் வழி. ஹாக்ஸ்பில் சிகரம் 1,235 மீட்டர். பூங்காவிலேயே உயரமானது அதுதான். அதற்கு மேலே வானம்தான். கீழே இறங்கி, வெப்பமான பள்ளத்தைக் கடந்து, வேறு பெரிய மலைக்குப் போக அதற்குக் காலும் போதாது, ஈரமும் போதாது. ஆக, போட்டிக்காரன் கீழே நிற்கிறான், வெயில் மேலே துரத்துகிறது. வெயிலுக்குக் காரணம் யாரென்று நமக்குத் தெரியும். போன நூற்றாண்டில் நிலக்கரி மின்நிலையங்களின் புகை அமில மழையாக இதே மலைகளில் இறங்கியது, மண்ணின் தன்மையையும் ஓடைகளையும் கெடுத்தது. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு பூச்சி இங்குள்ள ஹெம்லாக் மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. அந்த மரங்களின் நிழலோடு அந்த ஈரமும் போயிற்று. இருவர் சண்டை போடும் மைதானத்தையே நாம் சாய்த்து வைத்துவிட்டு, 'ஜெயிக்கிறவன் ஜெயிக்கட்டும், நான் நடுநிலை' என்று உட்கார்ந்திருப்பது நடுநிலையா?

இன்னும் ஒன்றும் இருக்கிறது. இந்தக் காடே பழைய காடு இல்லை. இன்று பூங்காவாக இருக்கும் இந்த மலைத்தொடரில் முன்பு பண்ணைகளும் பழத்தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் வீடுகளும் இருந்தன. பூங்காவுக்கு நிலம் எடுப்பதற்காக 1928இல் வர்ஜீனியா ஒரு சட்டமே போட்டது. 1935இல் பூங்கா உருவானது. சுமார் 500 குடும்பங்கள் மலையைவிட்டு இறக்கப்பட்டன. சிலர் விற்றுவிட்டுப் போனார்கள், சிலரை வலுக்கட்டாயமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். வயதான ஒருசிலரை மட்டும் சாகும்வரை இருந்துகொள்ள விட்டார்கள். அவர்களில் கடைசி ஆள் 1979இல் இறந்தார். வெளியேற்றம் நடந்த காலத்தில், 1933இல், 'ஹாலோ ஃபோக்' என்றொரு நூல் வந்தது. அந்த மலைமக்களை நாகரிகம் தீண்டாத பின்தங்கியவர்களாக அது காட்டியது. அப்படி ஒரு சித்திரம் கையில் இருந்தால் ஆட்களை இறக்குவது சுலபம். அவர்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிடலாம். இன்றும் நடைபாதை ஓரங்களில் அவர்களுடைய கல்லறைகளும் இடிந்த புகைபோக்கிகளும் நிற்கின்றன.

இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம மாஞ்சோலைக்காரங்க மாதிரின்னு சொல்லு" என்றாள். மணிமுத்தாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர்கள், குத்தகை முடிந்து காடு காடாகப் போகிறது என்பதால் 2024இல் இறங்கச் சொல்லப்பட்டார்கள். அவர்களில் சிலரை அவளுக்குத் தெரியும். காடு திரும்பி வருவது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்லதுக்கான பில் யார் மேசைக்குப் போகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஷெனண்டோவாவிலும் அப்படித்தான். சாலமாண்டரின் மூன்று சிகரங்கள் இன்றைக்கு ரிசார்ட் ஆகாமல் இருப்பதற்கு அந்தப் பூங்கா காரணம். அந்தப் பூங்காவுக்கு விலை கொடுத்தவர்கள், அதைக் கேட்டவர்கள் இல்லை.

*

இனி என் உண்மையான கேள்விக்கு வருகிறேன். செம்முதுகு சாலமாண்டர்தான் நெருக்குகிறது என்றால், அந்த மூன்று சிகரங்களிலிருந்து அதை அகற்றிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அகற்றுவது என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே கொல்வது இருக்கும். இதைச் செய்யப்போகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படி யோசிப்பது கற்பனையும் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வடக்குப் புள்ளி ஆந்தை அருகிவருகிறது. கிழக்கிலிருந்து பரவிவந்த, உருவில் பெரிய வரி ஆந்தை அதன் இடத்தைப் பிடிக்கிறது. 30 ஆண்டுகளில் அதிகபட்சம் சுமார் 4,50,000 வரி ஆந்தைகளைச் சுட்டுக் குறைக்கும் திட்டத்துக்கு 2024 ஆகஸ்டில் அரசு ஒப்புதல் தந்தது. ஓர் ஆந்தையைக் காக்க இன்னோர் ஆந்தையைச் சுடுவது. இதை ஆதரிப்பவர்கள் கொடூரமானவர்கள் இல்லை. அவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க ஆந்தைகளை நேசித்தவர்கள்.

"அப்பம் அந்த இன்னொன்னு எங்க போவும்?" என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் எனக்குச் சிபி ஞாபகம் வந்தது.

சிபி கதை எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பதாலேயே நாம் அதைச் சரியாகக் கேட்பதில்லை. சோழர்கள் அவனைத் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்டார்கள். செம்பியன் என்ற பெயரே அங்கிருந்து வருவதாகச் சொல்வார்கள். புறநானூற்றிலேயே அந்தப் புறா வந்துவிடுகிறது. பருந்து துரத்த, புறா சிபியிடம் அடைக்கலம் கேட்கிறது. அவன் தருகிறான். இதோடு கதை முடிந்திருந்தால் அது சாதாரணமான கருணைக் கதை. ஆனால் அங்கே பருந்து பேசுகிறது. அதைக் காப்பாற்றினாய், சரி. என் பசிக்கு என்ன வழி? என் குஞ்சுகளுக்கு என்ன வழி? உன் கருணைக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

சிபியிடம் ஒரு நாட்டின் படை இருக்கிறது. ஓர் அம்பு போதும், பருந்தின் கேள்வி முடிந்துவிடும். அவன் அதைச் செய்யவில்லை. பருந்தைக் கெட்டவன் என்று சொல்லவும் இல்லை. அதன் கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, தராசைக் கொண்டுவரச் சொல்லித் தன் தொடையை அறுக்கிறான்.

இந்தக் கதையை நான் தியாகத்தின் கதையாகப் படிக்கவில்லை. காப்பாற்றுவதற்கு ஒரு விலை உண்டு, அதைக் காப்பாற்ற முடிவு செய்தவன்தான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவன் தலையில் கட்டக்கூடாது என்கிற கணக்கின் கதையாகப் படிக்கிறேன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் அதையே செய்தான். தேர் அவனுடையது. வழியில் போன யாரோ ஒருவனுடைய மாட்டுவண்டியைப் பிடுங்கிக் கொடியைப் படரவிட்டிருந்தால் இத்தனை நூற்றாண்டு அவனை நினைத்திருப்போமா?

இந்தக் கணக்கோடு பார்த்தால் எனக்குச் சில விஷயங்கள் தெளிவாகின்றன. 1935இல் நடந்தது, அடுத்தவன் வண்டியைப் பிடுங்கிய பாதுகாப்பு. செம்முதுகு சாலமாண்டரை அகற்றுவது பருந்தைச் சுடும் பாதுகாப்பு. இரண்டிலும் புறா பிழைக்கலாம், இரண்டிலும் காப்பாற்றுகிறவன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஸ்கைலைன் டிரைவ் சாலை அந்த மலைமுகட்டின்மீதே ஓடுகிறது, நீளம் சுமார் 169 கிலோமீட்டர். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நானும் அதில் காரில்தான் போகிறேன். சூட்டைக் கூட்டுகிற எங்களிடமிருந்து ஒன்றும் கேட்காமல், கல்லடியில் முட்டையைச் சுற்றிக் கிடக்கும் ஒரு தாயிடம் போய் 'நீ இடத்தைக் காலி பண்ணு' என்று சொல்வதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது.

*

மதுரைக்கார நண்பன் ஒருவன், இங்கேதான் வேலை பார்க்கிறான், இதைக் கேட்டுச் சிரித்தான்.

"நீ நாளையிலிருந்து கார் ஓட்டாம இருந்தா அந்த சாலமாண்டர் பிழைச்சிடுமா? சிபி ஒருத்தன், புறா ஒண்ணு, கணக்கு நேராச்சு. இங்க நீ தொடையை அறுத்துப் போட்டா தராசு அசையக்கூட செய்யாது."

உண்மை. என் ஒருத்தியின் விரதத்தால் ஹாக்ஸ்பில்லில் ஒரு துளி ஈரமும் கூடப்போவதில்லை. விலையை நானே கொடுக்கிறேன் என்ற திருப்திக்காக ஒரு விலையைக் கொடுத்துவிட்டு, புறா செத்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அறம் இல்லை, அது ஒருவகை அலங்காரம். அறவியல் எழுத்துகளில் எனக்கு அலுப்பு வருவது இந்த இடத்தில்தான். கடைசியில் எல்லாம் 'நாம் ஒவ்வொருவரும்' என்று வந்து முடிந்துவிடும்.

ஆனால் விலையை எல்லோருமாகச் சேர்ந்து கொடுக்கவும் முடியும், கொடுத்தும் இருக்கிறோம். அமில மழையைச் சொன்னேன் அல்லவா, அதற்கு என்ன ஆயிற்று? 1990இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. மின்நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றது. கம்பெனிகள் செலவு செய்தன, அந்தச் செலவில் ஒரு பங்கு மின்கட்டணத்தில் வந்திருக்கும், யாரோ முணுமுணுத்திருப்பார்கள். புகை பெருமளவு குறைந்தது, மழையின் அமிலமும் குறைந்தது. கெட்டுப்போன மண் தேறப் பல காலம் எடுக்கும். இருந்தாலும் கை எடுக்கப்பட்டது. சாலமாண்டருக்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு நாடே தன் தொடையில் கொஞ்சம் அறுத்துத் தராசில் வைத்தது, தராசு அசைந்தது. எந்தப் பருந்தையும் யாரும் சுடவில்லை. ஆகவே நண்பன் கேட்ட கேள்விக்கு என் பதில், சிபி என்பது ஒரு தனி ஆள் இல்லை. அவன் அரசன். இன்றைக்கு அரசு, சட்டம், வரி, ஓட்டு என்றெல்லாம் நாம் சொல்வதுதான் அவன்.

அப்படியென்றால் அதுவரை அந்தச் சாலமாண்டர் காத்திருக்குமா? காலநிலையைச் சட்டம் போட்டு நாளைக்கே திருப்ப முடியாது. அதனால் நடுவில் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் இருக்கின்றன. கற்களைக் குறைவாகப் புரட்டி, பூட்ஸைக் கழுவி, கவனமாக ஆராய்வது. சரிவுகளின் நிழலைக் காப்பது. மலையில் நிலைமை கைமீறினால் விதைநெல்லுக்குச் சிலவற்றைக் குளிர்ந்த, ஈரமான அறையில் வளர்ப்பது. இவை எல்லாவற்றிலும் செலவு நம்முடையது, உழைப்பு நம்முடையது. இவையெல்லாம் போதாமல், ஒருநாள் செம்முதுகுக்காரனை அகற்றினால்தான் மற்றது பிழைக்கும் என்ற நிலை வந்தால்?

என்னால் 'கூடவே கூடாது' என்று சொல்ல முடியவில்லை. லட்சக்கணக்கில் இருக்கும் ஒன்றில் சில நூறு போனால், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று மிஞ்சும் என்றால், ரோல்ஸ்டனின் குரல் எனக்குள் பலமாகவே கேட்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிடிவாதமாகக் கேட்பேன். முதலாவது வரிசை. நம் தொடை முதலில், பருந்து கடைசியில். நாம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நேராகப் பருந்திடம் போகிறவனுக்குப் பாதுகாவலன் என்ற பெயர் கிடையாது. இரண்டாவது சொல். அப்படிக் கொன்றால் அதை 'மேலாண்மை' என்று எழுதக்கூடாது. கொன்றோம் என்று எழுத வேண்டும். எத்தனை, எங்கே, எப்படி என்று காப்பாற்றப்பட்டவற்றின் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். மலைமக்களைப் பின்தங்கியவர்கள் என்று எழுதியதால்தான் இறக்கியவர்களுக்குத் தூக்கம் வந்தது. செம்முதுகுக்காரனை 'போட்டி இனம்' என்று மட்டும் எழுதினால் நமக்கும் தூக்கம் வந்துவிடும்.

சிபி கதையில் நாம் அவசரமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. அவன் அறுத்து அறுத்து வைக்கிறான், புறாவின் தட்டு மேலே எழவே இல்லை. ஒரு சின்னப் புறா அவ்வளவு கனக்கிறது. கடைசியில் அவனே தட்டில் ஏறி உட்கார்கிறான். புறாவும் பருந்தும் தேவர்கள் என்று தெரிவது அதற்குப் பிறகுதான். ஷெனண்டோவாவில் யாரும் தேவர்களாக மாறப்போவதில்லை. சுண்டுவிரல் நீளத்தில், நுரையீரல் இல்லாமல், பகலெல்லாம் கல்லுக்கு அடியில் கிடக்கும் ஒன்று மறுதட்டில் இருக்கிறது. அது எவ்வளவு கனம் என்று நாம் இன்னும் நிறுத்துப் பார்க்கவே தொடங்கவில்லை.